விருது விழாவும் ஒரு சுவிட்சும்

செஞ்சியில் என் முகத்தை மறந்தவர்கள் உண்டு, குரலை மறந்தவர்கள் குறைவு. காய்கறிக் கடையில் அரைக் கிலோ கத்திரிக்காய் கேட்டால் போதும், கடைக்கார அம்மா நிமிர்ந்து பார்ப்பார். "நீ கேபிள்ல பேசற பொண்ணுதானே?" என்பார். பொண்ணுக்கு நாற்பத்தாறு வயதாகிறது. "ஆமாம்மா, இப்பவும் பேசறேன்" என்றால், "அட, இன்னும் வருதா அது?" என்று மோவாயில் கை வைப்பார். நடிப்பில்லாத ஆச்சரியம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காலையில் சாமி பாட்டில் தொடங்கி இரவு வரை நாள் தவறாமல் பாட்டுப் போடுகிறோம். அந்த அம்மாவின் கடையிலிருந்து நாலு கடை தள்ளித்தான் போடுகிறோம்.

எங்களுடையது உள்ளூர் கேபிள் பாட்டுச் சேனல். பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில், ஒரே ஒரு அறை. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மிக்சர், மைக், ஒரு பச்சை நிற லேண்ட்லைன் போன், நான். மூலையில் தரையோடு ஒரு இரும்புப் பெட்டி. கம்ப்யூட்டரில் நான் போடும் பாட்டு அந்தப் பெட்டி வழியாகத்தான் லைனில் ஏறி வீடுகளுக்குப் போகும். எதிர்ச் சுவரில் ஒரு டிவி இருக்கும். வீடுகளில் என்ன தெரிகிறதோ அதையே அதுவும் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டேதான் இருபத்து மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நேயர் விருப்பம். அந்த நேரத்தில் அந்தப் பச்சை போன் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு அழைப்பை வைப்பதற்குள் அடுத்தது அடிக்கும். எங்கள் நிகழ்ச்சிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அது யார் யாருக்கு என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பாதிப் பேர் போன் பண்ணுவார்கள். "எங்க நைனாவுக்கு, எங்க அம்மாவுக்கு, அவலூர்பேட்டை அத்தைக்கு, எதிர் வீட்டு அக்காவுக்கு, அப்புறம் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். யாராவது ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த வாரம் வீட்டில் சண்டை. லைன் ஐந்து நிமிடம் நின்றால் எனக்கு விழும் வசவு காதில் வாங்க முடியாது. ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் மொட்டை மாடி ஒயரைப் பிய்த்துப் போட்டபோது, ஒரு பெரியவர் நேரே படியேறி வந்து, "பாட்டு நட்ட நடுவுல நின்னுபோச்சு, மீதியை நீ பாடு" என்றார். கோபமாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு எவ்வளவு பணக்காரியாக இருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆயுத பூஜை அன்று மாலை விருது விழா நடத்துவோம். சென்னையில் இருக்கும் பெரிய பாட்டுச் சேனல்களைப் பார்த்து எங்கள் முதலாளி தொடங்கியது அது. அந்தச் சேனல்களின் விருது விழா டிவியில் வரும் ஞாயிறு பஜார் வெறிச்சென்று கிடந்த காலம் உண்டு. இப்போது அவர்களுடைய விழா ஏதோ வெளிநாட்டில் நடக்கிறது. யாருக்கு என்ன கிடைத்தது என்று அன்றைக்கே எல்லோர் போனிலும் வந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்து டிவியில் துண்டு துண்டாகப் போடுகிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் விருது, வராதவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான் கணக்கு. அவர்களே அப்படி என்றால் நாங்கள் எம்மாத்திரம்? எங்கள் விருதுக்கு நேயர்கள் போன் பண்ணி ஓட்டுப் போட வேண்டும். கடைசியாக நடந்த விழாவுக்கு வந்த ஓட்டுகளில் பாதி என் தங்கை வீட்டிலிருந்து வந்தவை. மீதியை நானே வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன்.

முதலாளி தமிழ்ச் சமணர். பக்கத்து ஊரில் நிலமும் பஜாரில் நெல் வியாபாரமும் உண்டு. சேனல் அவருக்குப் பிழைப்பில்லை, பிடிவாதம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் எங்கள் விழாவில் மட்டும் விருந்து முதலில், விருது பிறகு. வருகிறவர்கள் ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஆறரைக்கு நைசாக நழுவுவார்கள். ஒவ்வொரு வருடமும் இதை நான் சொல்லிப் பார்ப்பேன். "சாப்ட்ட வயிறு வாழ்த்தும்மா" என்பார். வாழ்த்திவிட்டுத்தான் போகிறார்கள்.

சென்ற ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது பாட்டுக்காரர் படியேறி வந்தார். பகலில் நெல் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுபவர். சாயங்காலமும் திருவிழாக் காலங்களிலும் மெல்லிசைக் குழுவில் பாடுபவர். ஊரே பாட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும், நான் அண்ணா என்பேன். எங்கள் விழா தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் விருதுகளுக்கு நடுவே பாடிக் கொடுத்திருக்கிறார். ஒருமுறைகூட அவருக்கு ஒரு ஷீல்டு கொடுக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்டதில்லை.

அன்றைக்குக் கேட்டார்.

"இந்த வருசம் எனக்கு ஒண்ணு குடுங்கம்மா. எந்த விருதா இருந்தாலும் சரி. மேடையில நின்னு ரெண்டு வார்த்தை பேசணும். அது டிவியில போவணும்."

எதற்கு என்று கேட்கவே தேவையில்லை. எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரே பெண். எங்கள் நேயர் விருப்பத்துக்கு அவள் வாராவாரம் போன் பண்ணுவாள். எட்டு வயதில் தொடங்கியது. "இந்தப் பாட்டு எங்க நைனாவுக்கு மட்டும்" என்பாள். மற்றவர்கள் இருபது பேர் சொல்லும்போது இவள் ஒரே ஒருவரைத்தான் சொல்வாள். "அம்மாவுக்கு வேணாமா கண்ணு?" என்று சீண்டுவேன். "அம்மாதான் பக்கத்துல இருக்காங்களே, நைனாதான் கமிட்டியில இருக்குது" என்பாள். அந்த அம்மா பிறகு காய்ச்சலில் போய்விட்டார். பெண் கல்லூரி முடித்து, தானே ஒருவனைப் பிடித்து, தானே தாலி கட்டிக்கொண்டாள். பையன் வேறு சாதி. அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு ஊர். இரண்டு வீட்டையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். அங்கே, "இவளுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதிய தாளில் இவர் கையெழுத்துப் போட்டார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் போடச் சொன்னார்கள், போட்டுவிட்டார். வரும் வழியில் சிம் கார்டையும் எடுத்து ஏரியில் எறிந்திருக்கிறார். அது நடந்து நான்கு வருடம். மூன்றாம் மாதமே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. சிம் போனது போனதுதான். அவளும் நம்பர் மாற்றிவிட்டாள்.

"ஒரு ஆளை அனுப்பலாமேண்ணா. நான் வேணா போய்ட்டு வரேன்" என்றேன்.

"ஆளு போனா அவங்க வீட்ல அவளுக்குத்தான் டென்ஷன். இன்னாத்துக்கு வந்தாங்க, இன்னா கேட்டாங்கன்னு. டிவியில வந்தா அவளா பாத்த மாரி இருக்கும். கூப்புடறதும் கூப்புடாததும் அவ இஷ்டம். அந்த ஊர்ல நம்ம லைன் இருக்குதாமே, ஒயர்மேன் சொன்னாரு."

"யாரைண்ணா கூப்புடுவா? உங்க புது நம்பர்தான் அவளுக்குத் தெரியாதே?"

அவர் என் மேஜை மேல் இருந்த பச்சை போனைக் காட்டினார். "இந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம்மா. எங்க வீட்டு நம்பர் மறந்தாலும் இது மறக்காது."

பெரிய போனில் வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போடலாமே என்று முதலாளி யோசனை சொன்னார். உலகமே பார்க்கும் என்றார். பாட்டுக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "உலகம் பாத்தா கீழ கமெண்ட் போடுவான் சார். எம்பொண்ணை நாலு பேர் நாலு விதமா எழுதுவான். டிவின்னா பாக்கறவன் பாத்துட்டு கம்முனு போயிடுவான்." எங்கள் சேனலின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த மனிதரைப் பார்த்து முதலாளிக்குக் கொஞ்சம் கண்கூடக் கலங்கியது. 'சிறந்த மேடைக் குரல்' என்று ஒரு விருதை அந்த நிமிடமே உண்டாக்கினோம். ஓட்டுக் கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை அறையைக் கழுவித் துடைத்தேன். இந்த பூஜைக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. பாடுபட்ட இயந்திரத்துக்கு அன்றைக்குக் கொஞ்ச நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் அணைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்து, அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக மறுபடி போடுவேன். பூசணிக்காய் மட்டும் கிடையாது. குங்குமத்தைத் தடவி ஒன்றை உடைப்பதும் முதலாளி வழக்கத்தில் உயிரைக் கொல்வது மாதிரி. எலுமிச்சம்பழத்தைக்கூட நசுக்க விட மாட்டார். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, மிக்சருக்கு ஒரு பொட்டு, போனுக்கு ஒரு பொட்டு. மூலையில் இருக்கும் இரும்புப் பெட்டிதான் எல்லாவற்றையும்விட அதிகம் உழைப்பது என்று அதற்கு மட்டும் பெரிய சாமந்தி மாலையாக வாங்கி, இரண்டு சுற்றாகச் சுற்றிப் போட்டேன். அழகாக இருந்தது.

சாயங்கால ஏற்பாடாக, எல்லாம் அணைந்திருந்தபோதே சுவரில் இருந்த டிவியைக் கழற்றிப் பின்தெருவில் இருக்கும் மண்டபத்துக்குக் கொண்டுபோய், கேமராவோடு நேராக இணைத்தார்கள். மேடையில் இருப்பவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மண்டபத்தில் இருந்து கேமராவின் ஒயர் மொட்டை மாடி வழியாக என் மிக்சருக்கு வந்தது. மிக்சரில் உள்ளங்கை அளவு திரை ஒன்று உண்டு. அதில் பார்த்து நான் அனுப்ப வேண்டும், கூடவே கம்ப்யூட்டரில் பதிவும் ஆகும். வழக்கமாக மேடையில் தொகுத்துப் பேசுகிறவள் நான். அந்த வருடம் முதலாளியைப் பேசச் சொல்லிவிட்டு, போன் பக்கத்திலேயே இருந்துகொண்டேன். அண்ணனுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருந்தேன்.

விழா நடந்தது. விருந்து முடித்து நழுவியவர்கள் போக நாற்பது பேர் இருந்திருப்பார்கள். முதலாளி எல்லோருக்கும் மூன்று மூன்று முறை நன்றி சொன்னார். சிறந்த நேயருக்குக் குக்கர் கொடுத்தார்கள். பிறகு பாட்டுக்காரர் மேடைக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முடிக்குச் சாயம். ஷீல்டை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மைக்கைப் பார்த்தார். ஆயிரம் மேடை ஏறிய மனிதர், புதிதாக ஏறியவர் போல அதைத் தட்டிப் பார்த்தார்.

"இது எம்பொண்ணுக்கு" என்றார். "எம்பொண்ணுதான். ஒரு தாள்ல வேற மாரி கையெழுத்துப் போட்டேன். அது தப்பு. அவ நம்பர் எனக்குத் தெரியாது. நம்ம சேனல் நம்பர் அவளுக்குத் தெரியும்."

அதற்கு மேல் பேசாமல் இறங்கிவிட்டார். அந்தச் சின்னத் திரையில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். இந்தச் சேனலில் இருபத்து மூன்று வருடத்தில் ஒளிபரப்பான ஒரே உண்மையான பேச்சு என்று நினைத்தேன்.

போன் அடிக்கவில்லை. எட்டு மணிக்கு அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஷீல்டு மடியில் இருந்தது. ஒன்பதரை வரை இருந்தார். நடுவில் ஒருமுறை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, 'கொர்' என்ற சத்தம் வருகிறதா என்று பார்த்து வைத்தார். நல்ல லைன்தான்.

"பாத்திருப்பா. மனசு வரல போல இருக்குது" என்று எழுந்தார். "நான் போட்ட கையெழுத்து அப்படி."

"நாளைக்குக் கூப்புடுவாண்ணா" என்றேன். அவர் படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் வாடிய மாலைகளைக் கழற்றினேன். இரும்புப் பெட்டியின் மாலையை எடுத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியின் முகப்பில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. பின்னால் குனிந்து பார்த்தேன். சுவிட்ச் கீழே இருந்தது. முந்தின நாள் காலை பூஜைக்காக அணைத்ததை நான் மறுபடி போடவில்லை. இரட்டைச் சுற்று மாலை விளக்கை மறைத்துவிட்டது. காட்டிக்கொடுக்க வேண்டிய டிவி மண்டபத்தில் இருந்தது. விழா முழுவதும் என் மிக்சர் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

முதலில் சுவிட்சைப் போட்டேன். அடுத்து இன்னொன்று உறைத்தது, அது இதைவிட மோசம். முந்தின நாள் காலையிலிருந்து அந்த நேரம் வரை, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க, செஞ்சியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் எங்கள் சேனல் இல்லை. சிக்னல் இல்லாத வெறும் திரை. பண்டிகை நாள், எல்லோரும் வீட்டில் இருந்த நாள். ஒரே ஒருவர்கூடப் போன் பண்ணி, "இன்னாமா, சேனல் வரல" என்று கேட்கவில்லை. மீதிப் பாட்டை நீ பாடு என்று படியேறி வந்தாரே, அந்த மாதிரி ஒரு மனிதர்கூட மிச்சமில்லை. நான் தரையிலேயே உட்கார்ந்து, கையிலிருந்த சாமந்தியைக் கொஞ்ச நேரம் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவள் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்க முடியாது. இது தோன்றியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கமிட்டிக்கு ஓடினேன்.

கமிட்டி அன்றைக்கு விடுமுறை. அவர் காலியான எடை மேடை மேலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். முகம் ஒரே இரவில் வற்றிப்போயிருந்தது. நான் நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"அப்போ அவ பாக்கவே இல்லியா?" என்றார்.

"யாருமே பாக்கலண்ணா. போகவே இல்ல."

பீடியைக் கீழே போட்டார். முகத்தில் ரத்தம் ஏறியது. "பாக்கவே இல்ல! பாத்துட்டுக் கூப்புடாம இல்ல!" என்று சிரித்தார். "நீ இன்னாமா, இதைப் போய் அழுதுகினு சொல்ற? சாப்டியா? வா, டிபன் சாப்டலாம்." பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பூரி வாங்கிக் கொடுத்தார். அவரும் இரண்டு செட் சாப்பிட்டார். முந்தின இரவு ஒன்றும் சாப்பிடவில்லையாம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு தவறுக்கு யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. எனக்கு என் தவறைச் சரிசெய்தாக வேண்டும், அந்த வீம்பு. "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு, அவ போன் பண்ற அதே நேரத்துக்கு, நீங்க பேசினதை மறுபடி போடறேண்ணா" என்று பூரியைக் கையில் வைத்துக்கொண்டே வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு வந்தது. டிவியைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. ஒயர்மேனை அனுப்பி அந்த ஊர் லைனைப் பார்த்துவரச் சொன்னேன். படம் பளிச்சென்று வருகிறது, அவள் வீட்டுக்கும் நம் இணைப்பு இருக்கிறது என்று போனில் சொன்னார். பாட்டுக்காரர் ஐந்தரைக்கே அதே வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். ஆறு மணிக்குப் போட்டேன். சுவர் டிவியில் அவர் பேசினார், நாற்காலியில் இருந்த அவர் உதட்டை அசைத்துக்கொண்டு கூடவே பேசினார். முடிந்ததும் ஒரு பாட்டுப் போட்டு, மறுபடி அதையே போட்டேன். மூன்று முறை போட்டேன்.

ஆறு ஐம்பதுக்குப் போன் அடித்தது. இரண்டு பேரும் எழுந்தே விட்டோம். ரிசீவரை நான் எடுத்தேன்.

"கேபிள் ஆபீஸா? கிருஷ்ணாபுரத்துலேர்ந்து பேசறேன். எங்க வீட்டு பாக்ஸை எடுத்துகினு போங்கம்மா. சும்மாதான் கிடக்குது, யாரும் பாக்கறதில்ல."

"சரிங்க" என்று வைத்தேன். யார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

ஏழே கால் இருக்கும். மெதுவாகக் கேட்டார்: "இன்னிக்கு அந்த சுவிட்சைப் போட்டியா மா?"

"போட்டேண்ணா."

"நல்லா பாத்தியா?"

பதில் சொல்வதற்குள் அவரே எழுந்து மூலைக்குப் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எரியாமல் இருக்கக்கூடாதா என்று எனக்கு இருந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இத்தனை வருடம் யாரிடமும், என்னிடமேகூட, சொல்லாததைச் சொன்னேன். "அண்ணா, நம்ம சேனலை இப்பல்லாம் யாருமே பாக்கறதில்லண்ணா. போன வாரம் ஒரு நாள் பூரா நின்னு கிடந்துச்சு, ஒருத்தர் கேக்கல. அவ வீட்ல டிவி ஓடுதோ இல்லியோ. ஓடினாலும் இதையா வைப்பாங்க? அவ உங்களை வேணாம்னு சொல்லல. நம்மளை யாரும் பாக்கல, அவ்ளோதான்."

அதைச் சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. செஞ்சித் தாலுகா அறிந்த குரல்.

அவர் நிமிர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்காக அவர் பரிதாபப்பட்டார். "அப்படிச் சொல்லாதம்மா. மத்தவங்க பாக்க மாட்டாங்க. அவ பாப்பா. சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்கறவ" என்றார். கதவுவரை போய்த் திரும்பி நின்றார். "அடுத்த ஞாயிறும் ஒரு தடவை போடுமா. இந்த வாரம் எங்கனா ஊருக்குப் போயிருப்பா."

போடுகிறேன் என்றேன். இதைத் தவிர அந்த மனிதருக்கு என்னால் என்ன செய்ய முடியும்? அவளிடம் நேரே போகலாமா என்று வாரம் முழுக்க யோசித்தேன். ஒருநாள் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறி உட்காரவும் செய்தேன். 'அவளுக்குத்தான் டென்ஷன்' என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்து, வண்டி கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன். இறங்கியது சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்குப் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். இன்னொரு முறை அந்தப் பச்சை விளக்கின் முன்னால் அவர் குனிவதை என்னால் பார்க்க முடியாது. முதலில் சுவர் டிவியை அணைத்தேன். பிறகு மூலைக்குப் போய் இரும்புப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, என் துப்பட்டாவை எடுத்து அதன்மேல் போட்டேன்.

"டிவி ரிப்பேர்ணா, மிக்சர்ல பாத்துக்கலாம்" என்றேன். அவர் சரி என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளங்கை அளவுத் திரையில் அவர் பேசினார். போன் அடிக்கவில்லை. ஏழு மணி ஆனதும் நான் எழுந்துபோய்த் துப்பட்டாவை எடுத்து, "ஐயோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். விளக்கு எரியாததைக் கண்டதும் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று என்னால் எழுத முடியவில்லை.

"இன்னாமா நீ, இப்படி மறந்து மறந்து போற?" என்று என்னை ஆசைதீரத் திட்டினார். "அவ பாவம், அங்க உக்காந்துகினு இருப்பா. அடுத்த வாரமாச்சும் ஒழுங்கா போடு." திட்டிக்கொண்டே படி இறங்கினார். அன்றைக்குச் சுவரைப் பிடிக்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் தாலுகா முழுக்க எங்கள் சேனல் இல்லை. நான் சுவிட்சைப் போட்டுவிட்டு, யாராவது கேட்பார்களா என்று போன் பக்கத்தில் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.